பிஎச்பி 9-க்கு வாக்களிக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிஎச்பி என்ற நிரல்மொழியின் ஆர்எஃப்சிகளில், அதாவது மொழியை மாற்றச் சொல்லும் முன்மொழிவுகளில், வாக்களிக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்களில் ஒருவன் இல்லை. மொழியின் உள்ளே ஒரு வரிகூட எழுதியதில்லை, நீங்கள் எழுதித் தருவதை வைத்துப் பிழைக்கிறவன். கடை, பள்ளிக்கூடம், மருந்து மொத்த வியாபாரம் என்று பல இடங்களில், யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பிஎச்பி நிரலை ஓட வைத்துக்கொண்டிருப்பது என் தொழில். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் உரிமையாளருக்கே தெரியாது. ஆவணம் கிடையாது, டெஸ்ட் கிடையாது, பல இடங்களில் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்கூடக் கிடையாது, ஒரு ஜிப் ஃபைலும் ஒரு டேட்டாபேஸ் டம்ப்பும்தான் கையில் கிடைக்கும். இந்த மாதிரி நிரல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. பிஎச்பி இவ்வளவு பெரிய மொழியாக வளர்ந்ததில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த பெரிய வெர்ஷனான பிஎச்பி 9 பற்றி நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளும், ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் சில முடிவுகளும் முதலில் இவற்றின் தலையில்தான் விழும், அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தனியாக அனுப்புவேன். தமிழில் எழுதக் காரணம், இங்கே இதே வேலையைச் செய்யும் பலருக்கு இப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கிறது என்பதே தெரியாது.

சொல்ல வந்தது ஒன்றுதான். மொழியின் அடிப்படை நடத்தையை மாற்றும்போது அதன் செலவைச் சுமக்கப்போகிறவர்கள் சார்பில் பேச உங்கள் முறையில் ஆள் இல்லை. அதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அதுவரை, 'மதிப்பே இல்லை' என்று குறிக்கும் நல் (null) வேல்யூவை மொழியோடு வரும் உள்ளமைந்த ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தால் எரர் என்ற மாற்றத்தை பிஎச்பி 9-ல் அமலுக்குக் கொண்டுவராதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, பிஎச்பியில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995-ல் மொழியை வெளியிட்டவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். ஆனால் பைத்தானுக்கு கீடோ வான் ரோசம் 2018 வரை இருந்த மாதிரி, இறுதிச் சொல் சொல்லும் ஒருவர் பிஎச்பிக்கு இல்லை. பைத்தான் பிறகு அமைத்துக்கொண்ட ஸ்டியரிங் கவுன்சில் மாதிரியும் எதுவும் இல்லை. ராஸ்மஸுக்கும் ஒரு வாக்குதான். 2021 நவம்பரில் தொடங்கிய பிஎச்பி ஃபவுண்டேஷன் டெவலப்பர்களுக்குச் சம்பளம் தருகிறது, மொழி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை ஆர்எஃப்சியாக எழுதி முன்வைக்கலாம், அதன் மேல் விவாதம் நடக்கும், அப்புறம் வாக்கெடுப்பு. முன்பு சில வகை மாற்றங்களுக்குப் பாதிக்கு மேல் வாக்கு இருந்தாலே போதும் என்று இருந்தது, 2019-ல் எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று ஆக்கினார்கள். யார் எதற்கு எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு எவரும் பார்க்கலாம். எந்தக் கம்பெனியின் கையிலும் சிக்காமல் ஒரு மொழி இத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்றால் இந்த முறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதை மதிக்கிறேன், மதிப்பதால்தான் அதற்குள் இருக்கும் ஓட்டையைப் பற்றி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் மாற்றமே கூடாது என்கிற ஆள் இல்லை. ரிஜிஸ்டர் குளோபல்ஸ் போனது நல்லது. யூஆர்எல்லில் எதையாவது எழுதி நிரலின் வேரியபிளையே மாற்றிவிட முடிந்த காலம் அது, அதை எடுத்தே ஆக வேண்டும். அதை நீங்கள் எடுத்த விதமும் நல்லது: 2002-ல் 4.2 வெர்ஷனில் இயல்பாக அணைத்து வைத்தீர்கள், 2012-ல் 5.4 வந்தபோதுதான் முழுசாக நீக்கினீர்கள். நடுவில் பத்து வருடம். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 7-ல் நீக்கியபோதும் நான் முணுமுணுக்கவில்லை. மாற்றாக என்ன பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்தது, அதைவிட முக்கியமாக, ஃபோல்டர் முழுக்க அந்தப் பெயரைத் தேடினால் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எத்தனை இடம், எவ்வளவு வேலை, எவ்வளவு பணம் என்று உரிமையாளரிடம் சொல்லி வாங்க முடியும்.

சொல்லப்போனால், நீங்கள் கைவிட்ட ஒரு மாற்றத்துக்காக ஏங்கியவர்களில் நானும் ஒருவன். பிஎச்பி 6 வந்திருந்தால் மொழி முழுக்க யூனிகோட் ஆகியிருக்கும். உள்ளே யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டை வைத்துப் பல வருடம் உழைத்து, வேகமும் சிக்கலும் தாங்காமல் 2010-ல் கைவிட்டீர்கள், 6 என்ற எண்ணையே தாண்டி 7-க்குப் போனீர்கள். இன்றைக்கும் 'தமிழ்' என்ற சொல்லை நீளம் சொல்லும் ஸ்டர்லென்னிடம் கொடுத்தால் 15 என்கிறது, பைட்டை எண்ணுவதால். சப்ஸ்டர் வைத்து வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டுக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. பல பைட் எழுத்துகளுக்கான எம்பி ஃபங்ஷன்கள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் பயன்படுத்துகிறோம். ஆனால் அடிப்படை நடத்தை மாறுவது சில நேரம் எவ்வளவு அவசியம் என்று தமிழில் நிரல் எழுதுகிறவனுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் புகார் மாற்றத்தின் மேல் இல்லை, எந்த வகை மாற்றத்தை எப்படி எடைபோடுகிறீர்கள் என்பதன் மேல்.

சத்தம் போட்டு உடைகிற மாற்றம் உண்டு, சத்தமே இல்லாமல் விடையை மாற்றுகிற மாற்றமும் உண்டு. பிஎச்பி 8.0-ல் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடரையும்) ஒப்பிடும் விதியை மாற்றினீர்கள். அதற்கு முன் எண் பூஜ்யமும் வெற்று ஸ்ட்ரிங்கும் இரட்டைச் சமக்குறியில் (==) சமம். 8.0-லிருந்து சமம் இல்லை. தர்க்கப்படி புதிய விதிதான் சரி, பூஜ்யமும் 'ஆப்பிளும்' சமம் என்று சொல்லும் மொழியை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அது ஒரு உண்மையான நிரலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆர்டர் போடும் பக்கம் ஒன்று. அளவு என்ற கட்டத்தில் வந்ததை எடுத்து, அது பூஜ்யத்துக்குச் சமமா என்று கேட்டு, சமமானால் 'அளவைக் குறிப்பிடவும்' என்று திருப்பி அனுப்பும் ஒரே ஒரு வரி. எழுதியவர் தனியாக 'காலியாக இருக்கிறதா' என்று கேட்கவே இல்லை, ஏனென்றால் பழைய விதிப்படி காலிக் கட்டமும் அந்த வரியிலேயே மாட்டிக்கொள்ளும். 8-க்கு மாறிய பிறகு காலிக் கட்டம் அந்த வரியைத் தாண்டி உள்ளே போகிறது. அந்த வரியில் எரர் இல்லை, வார்னிங் இல்லை, லாகில் ஒரு எழுத்துகூட இல்லை. 7.4-ல் முன்னெச்சரிக்கையாக, 'இது கைவிடப்படப் போகிறது' என்ற டெப்ரிகேஷன் செய்தியும் வரவில்லை. ஒரு இடத்தில் இதை நான் கண்டுபிடித்தது மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு இடித்தபோது. எந்த வரி என்று தேடிப் போனால் ஃபோல்டர் முழுக்க இரட்டைச் சமக்குறிதான், அதில் எது எண்ணோடு ஒப்பிடுகிறது, எதற்குள் வெற்று ஸ்ட்ரிங் வர வாய்ப்பு இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த வேலைக்குக் கடைக்காரரிடம் எப்படிக் காசு கேட்பது? அவர் கண்ணுக்கு எதுவும் புதிதாக வரவில்லை. நேற்று சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பாக இருக்கிறது, தொட்டவன் நான்.

மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை எடுத்தது மாதிரியான மாற்றமும் இது மாதிரியான மாற்றமும் உங்கள் இன்றைய முறையில் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவைதான். அதே ஆர்எஃப்சி, அதே விவாத காலம், அதே வாக்கு விகிதம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நல் விஷயத்துக்கு வருகிறேன், இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். 8.1-லிருந்து ட்ரிம், ஸ்டர்லென், ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் மாதிரி மொழியோடு வரும் ஃபங்ஷன்களுக்கு நல் கொடுத்தால் டெப்ரிகேட்டட் என்ற செய்தி வருகிறது. பிஎச்பி 9-ல் அது டைப்எரர் ஆகும் என்பது இதைக் கொண்டுவந்த ஆர்எஃப்சியின் முடிவு. நாமாக எழுதும் ஃபங்ஷனில் ஸ்ட்ரிங் என்று டைப் குறித்தால் பிஎச்பி 7-லிருந்தே நல் ஏற்கப்படுவதில்லை, உள்ளமைந்த ஃபங்ஷன்கள் மட்டும் ஏன் வேறு மாதிரி நடக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக்குவோம் என்பதுதான் உங்கள் வாதம். புரிகிறது. மொழியைச் செய்கிறவர்கள் கண்ணுக்கு அது ஒழுங்கு.

என் பக்கம் இருந்து பாருங்கள். மாணவர் விவரம் காட்டும் பக்கம். முகவரியின் இரண்டாவது வரி பாதிப் பேருக்குக் கிடையாது, டேட்டாபேஸில் நல். அந்த நல்லை ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்பி எக்கோ செய்கிறது ஒரு வரி. இருபது வருடமாக இதற்குக் காலி என்றுதான் அர்த்தம். அந்த வரியை எழுதியவர் பாதுகாப்புக்காக எழுதினார், எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் யாரோ தீய நிரலைப் புகுத்துவது) வரக்கூடாது என்று நல்ல பழக்கத்தோடு எழுதினார். அந்த நல்ல பழக்கம் இருந்த இடத்தில்தான் 9-ல் பக்கம் விழப்போகிறது, அதைச் செய்யாமல் நேரடியாக எக்கோ செய்தவரின் பக்கம் ஒன்றும் ஆகாமல் நிற்கும். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இதைக் கருவி வைத்துக் கண்டுபிடிக்கவும் வழி குறைவு. டேட்டாபேஸிலிருந்து வரும் மதிப்பு நல்லா ஸ்ட்ரிங்கா என்பது கோடில் எழுதியிருக்காது, டேபிளில் இருக்கிறது. டைப் எதுவும் குறிக்காத பழைய நிரலில், ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் பிஎச்பிஸ்டான் மாதிரியான கருவி, தெரியாது என்று விட்டுவிடும். கண்டிப்பை ஏற்றி வைத்தால் எல்லா வரியையும் குற்றம் சொல்லும். நிரலைத் தானாகத் திருத்தும் ரெக்டர் வைத்து எல்லா இடத்திலும் ஸ்ட்ரிங் காஸ்ட் (ஸ்ட்ரிங்காக மாற்றும் குறி) போட்டுவிடலாம்தான். போட்டால் செய்தி நின்றுவிடும், ஆனால் நிரல் துளியும் பாதுகாப்பாகாது, படிக்க மட்டும் கஷ்டமாகும். நீங்கள் எதற்காக இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தீர்களோ அந்த நோக்கமே அங்கே அடிபட்டுப்போகிறது. ஓட்டிப் பார்த்து லாகில் வரும் டெப்ரிகேட்டட் செய்திகளை வைத்துத் திருத்துங்கள் என்பார்கள். சரி, ஆனால் கல்வியாண்டு தொடக்கத்தில் மட்டும் திறக்கப்படும் பக்கங்கள் இருக்கின்றன, இரண்டாவது முகவரி வரி இல்லாத ஒருவர் வந்தால் மட்டுமே தெரியும் வரிகள் இருக்கின்றன. அப்புறம், நாம் வெர்ஷன் மாற்றும் வேளையை எப்போதும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு மின்னஞ்சல் வரும், இந்தத் தேதியோடு பழைய வெர்ஷனை நிறுத்துகிறோம் என்று. அதோடு சரி.

இதே மாதிரி இன்னும் சில வரிசையில் நிற்கின்றன. இல்லாத வேரியபிளைப் படித்தால் என்ன ஆக வேண்டும் என்ற கேள்வி 2019-ல் வாக்குக்கு வந்தபோது, நேராக எரர் ஆக்கத் தேவையான ஆதரவு கிடைக்காமல் வார்னிங்கோடு நின்றது. 2022-ல் வேறு ஆர்எஃப்சி வந்து, 9-ல் எரர் என்று முடிவாகிவிட்டது. அதைக்கூட நான் ஏற்பேன், ஏனென்றால் இல்லாத வேரியபிள் பெரும்பாலும் எழுத்துப் பிழைதான், கருவிகளும் ஓரளவு பிடித்துத் தரும். கிளாஸில் அறிவிக்காத ப்ராப்பர்ட்டிகளை 8.2-ல் டெப்ரிகேட் செய்தது மூன்றில் இரண்டு பங்கு என்ற கோட்டைச் சற்றே தாண்டி வந்த முடிவு. அதனாலும் எனக்கு நன்மைதான் வந்தது: ஒரு பில்லிங் நிரலில் தள்ளுபடியைச் சேமிக்கும் ப்ராப்பர்ட்டியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, பல வருடமாக அந்தத் தள்ளுபடி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, அந்தச் செய்தி வந்ததால்தான் பிடித்தோம். பழையபடியே வேண்டும் என்கிற கிளாஸுக்கு மேலே ஒரு அட்ரிபியூட் போட்டால் போதும் என்று வழியும் வைத்தீர்கள். எங்கே போட வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது, ஒரு வரிதான் வேலை. வலி தரும் மாற்றத்தைக்கூட இப்படி யோசித்துச் செய்ய உங்களுக்குத் தெரியும். நல் விஷயத்தில் அந்த யோசனை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்தவரை காரணம் இதுதான். ஒரு மாற்றம் எவ்வளவு உடைக்கும் என்று பார்க்க, நீங்கள் வழக்கமாகச் செய்வது, பொது நிரல் தொகுப்புகளின் களஞ்சியமான பேக்கஜிஸ்டில் அதிகம் பயன்படும் ஆயிரம், இரண்டாயிரம் கம்போசர் பேக்கேஜ்களை இறக்கி அலசுவது. அது நல்ல வேலை, அதையும் செய்யாமல் மாற்றம் கொண்டுவரும் மொழிகள் உண்டு. ஆனால் அந்த இரண்டாயிரமும் பிஎச்பி உலகத்திலேயே நன்றாகப் பராமரிக்கப்படும் கோட். டெஸ்ட் இருக்கிறது, டைப் இருக்கிறது, புது வெர்ஷனின் ஆல்ஃபா வரும்போதே ஓட்டிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே பத்து இடத்தில் உடைகிறது என்று கணக்கு வந்தால், பள்ளிக்கூடத்தின் கட்டண ரசீது நிரலில் எத்தனை இடம் என்பதற்கு அதிலிருந்து எந்த விடையும் கிடைக்காது. பொதுவில் இல்லாத கோடை உங்களால் அலச முடியாது, அது உங்கள் தப்பும் இல்லை. அப்படிப்பட்ட கோடைத் தினமும் பார்க்கிறவர்களை அழைத்துக் கேட்க முடியும் அல்லவா? தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாக்களிக்கும் பட்டியலில் அந்த வலி தெரிந்தவர்கள் சிலராவது இருந்தால் பேச்சின் போக்கே மாறும்.

மாறும் என்பதற்கு உங்கள் சரித்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 2019-ல் குறுகிய தொடக்கக் குறியை, அதாவது வெறும் <? என்று எழுதுவதை, நீக்கும் ஆர்எஃப்சி வாக்கெடுப்பில் வென்றது. வென்ற பிறகுதான் எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. அந்தக் குறி வேலை செய்யாமல் போனால் பழைய நிரல் எரர் காட்டாது, சர்வர் அந்த கோடை அப்படியே வெறும் எழுத்தாகப் பிரவுசருக்கு அனுப்பும், உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் சேர்ந்து போகும் என்று சொன்னார்கள். திருத்திய வடிவத்தில் மறுபடி வாக்குக்கு வந்து, இரண்டாம் முறை தோற்றது. முதல் வாக்கில் 'சரி' என்றவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. அந்தக் குறி இன்னும் எத்தனை நிரல்களில் உயிரோடு இருக்கிறது என்று அவர்கள் முன் யாரும் உரிய நேரத்தில் வைக்கவில்லை. ஒரு வாக்கெடுப்பு முடிந்த பிறகு மறுபடி நடத்துவது எல்லாருக்கும் கசப்பு, எழுதியவருக்கு இன்னும் கசப்பு. அந்தக் குரல் முதல் வாரத்திலேயே உள்ளே இருந்திருந்தால் அந்தக் கசப்பே தேவைப்பட்டிருக்காது.

அதே 2019 ஆகஸ்டில், பிஎச்பி இன்ஜினை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸீவ் சுராஸ்கி முன்வைத்த பி++ யோசனையும் ஞாபகம் இருக்கும். பழையபடி இருக்க விரும்புகிறவர்களுக்கு பிஎச்பி, கண்டிப்பான மொழி வேண்டும் என்பவர்களுக்கு அதே இன்ஜினில் இன்னொரு மொழி. நீங்கள் பெருவாரியாக வேண்டாம் என்றீர்கள். நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாகப் பிரிந்தால் புதிதாக வருவதெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், எங்களை மாதிரி ஆட்கள் யாரும் வராத கரையில் நிற்போம். ஆனால் அந்த யோசனை எழக் காரணமாக இருந்த பிளவு அந்த வாக்கோடு தீர்ந்துவிடவில்லை, கேள்வியை மூடி வைத்ததோடு சரி.

அதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 2015-ல் எண், ஸ்ட்ரிங் போன்றவற்றுக்கு டைப் குறிக்கும் ஸ்கேலார் டைப் பிரச்சினை எப்படி எரிந்தது என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கண்டிப்பா நெகிழ்வா என்று இரண்டு கட்சி, முதலில் எழுதிய ஆண்ட்ரியா ஃபால்ட்ஸ் தன் ஆர்எஃப்சியைத் திரும்பப் பெற்று விலகினார், ஆண்டனி ஃபெராரா அதை எடுத்துத் திரும்ப முன்வைத்தார், 108-க்கு 48 என்று தேறியது. தேற வைத்தது ஒரு எளிய ஏற்பாடு: ஃபைலின் தலையில் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் என்று ஒரு வரி எழுதினால் அந்த ஃபைலில் கண்டிப்பு, எழுதாவிட்டால் பழையபடி நெகிழ்வு. நல் மாற்றத்தையும் அந்த வரியோடு கட்டிவிடுங்கள். கண்டிப்பு வேண்டும் என்று அறிவித்த ஃபைலில் நல் கொடுத்தால் எரர் வரட்டும், யாரும் குறை சொல்ல மாட்டோம். அறிவிக்காத ஃபைலில் அது முன்பு போல வெற்று ஸ்ட்ரிங் ஆகட்டும். நெகிழ்வு முறையில் எண்ணே ஸ்ட்ரிங்காக மாறுகிறது, ட்ரூ ஸ்ட்ரிங்காக மாறுகிறது, நல் மட்டும் மாறக்கூடாது என்பதற்கு மொழிக்குள்ளேயே வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை, உங்கள் நடுவே ஏற்கெனவே பேசப்பட்டதுதான். அப்போது அதைப் பேசியவர்களுக்குப் பின்னால் நிற்க எங்களுக்கு இடம் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். கோ மொழியில் ஃபார் லூப்பின் வேரியபிள் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்க வேண்டும் என்று 1.22-ல், 2024 பிப்ரவரியில், மாற்றினார்கள். இதைவிட அடிப்படையான நடத்தை ஒன்றைச் சொல்வது கஷ்டம். ஆனால் எந்தப் பழைய நிரலும் தானாக மாறவில்லை. அந்த மாட்யூல் தன் ஃபைலில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று அறிவித்திருந்தால் மட்டும் புது நடத்தை. அதற்கு முந்தைய வெர்ஷனிலேயே விரும்பியவர்கள் சோதித்துப் பார்க்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள், எந்த லூப் மாறியதால் டெஸ்ட் விழுகிறது என்று தேடித்தர ஒரு கருவியும் கொடுத்தார்கள். அந்தக் கருவியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த இரட்டைச் சமக்குறிகள்தான் ஞாபகம் வந்தன. 8.0-க்கு மாறும் முன், 'இந்த ஒப்பீட்டின் விடை மாறப்போகிறது' என்று ஓடும்போது சொல்லும் ஒரு சுவிட்ச் மட்டும் இருந்திருந்தால் போதும்.

முடிவை மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைவும் இல்லை. பைத்தானில் அனோடேஷன்களை (டைப் குறிப்புகளை) உடனே மதிப்பிடாமல் தள்ளிப்போடும் பெப் 563 என்ற முன்மொழிவு, 3.10-ல் இயல்பாக ஆகிவிடும் என்று தீர்மானித்து வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில், ஃபீச்சர் ஃப்ரீஸுக்குச் சில வாரமே இருக்கும்போது, அந்த அனோடேஷன்களை நம்பி இயங்கும் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ லைப்ரரிகளின் பக்கத்திலிருந்து இது எங்களை உடைக்கும் என்று குரல் எழுந்தது. ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஸ்டியரிங் கவுன்சில் அப்படிச் செய்யவில்லை, மாற்றத்தைத் தள்ளி வைத்தது, பிறகு பெப் 649 என்ற வேறு வழி ஏற்கப்பட்டு 2025-ல் 3.14-ல் வந்தது. காத்திருந்ததால் மொழிக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அங்கே கூப்பிட்டுப் பேச ஐந்து பேர் கொண்ட ஒரு கவுன்சில் இருந்தது. எங்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது, ஒவ்வொரு வாக்காளரும் தனித்தனி ஆள்.

இதற்காகக் கவுன்சில் அமையுங்கள் என்று கேட்கவில்லை, அது பெரிய பேச்சு. 2011-ல் நீங்கள் ஏற்ற வாக்கு விதியைத் திறந்து பாருங்கள். கோட் பங்களித்தவர்களோடு, பிஎச்பி சமூகத்தின் பிரதிநிதிகளும் வாக்களிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஃபிரேம்வொர்க், சிஎம்எஸ், கருவிகள் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது அது. அந்த வாசலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, பழைய நிரல்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஷேர்டு ஹோஸ்டிங் நடத்துகிறவர்கள், வேர்ட்பிரஸ் ப்ளக்இன் பழுது பார்க்கிறவர்கள் என்று சிலரை வெவ்வேறு நாடுகளிலிருந்து எடுங்கள். வாக்கு கொடுக்கத் தயக்கமாக இருந்தால், அடிப்படை நடத்தையை மாற்றும் ஆர்எஃப்சி ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்புக்கு முன் அவர்கள் எழுத்தில் ஒரு கருத்து தர வேண்டும், அது ஆர்எஃப்சியின் உள்ளேயே இருக்க வேண்டும் என்றாவது வையுங்கள். பாதிக்கப்படும் வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆர்எஃப்சி எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும். பெயரைத் தேடினால் கிடைக்குமா, கருவி பிடிக்குமா, ஓட்டினால்தான் தெரியுமா, ஓட்டினாலும் தெரியாதா? கடைசி விடை வருகிற மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு போதாது என்பது என் அபிப்பிராயம், எவ்வளவு என்று நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் பக்கத்துச் சுமையும் எனக்குத் தெரியும். பழைய நடத்தையையும் புதிய நடத்தையையும் சேர்த்துச் சுமக்க இன்ஜினில் வேலை கூடும், அதைச் செய்ய ஆட்கள் குறைவு. 2021-ல் இந்த மொழியின் உள்பகுதியை முழுதாக அறிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை பற்றி நீங்களே வெளிப்படையாகப் பேசினீர்கள், இன்ஜினின் முக்கிய டெவலப்பரான நிகிதா போபோவ் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் பக்கம் நகர்ந்தபோதுதான் ஃபவுண்டேஷனும் பிறந்தது. நான் மேலே குறை சொன்ன நல் ஆர்எஃப்சியை எழுதியவரும் அவர்தான், இன்றைய பிஎச்பியின் வேகத்திலும் தரத்திலும் அவர் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2024-ல் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் காலத்தை ஒரு வருடம் நீட்டினீர்கள், மொத்தம் நான்கு வருடம். அதற்காக இங்கே எத்தனை பேர் பெருமூச்சு விட்டோம் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன், நன்றி. அந்த முடிவில் எங்களை நினைத்தீர்கள்.

பிஎச்பி 9-க்கு நாள் குறிக்கும் முன் நல் ஆர்எஃப்சியை மறுபடி வாக்குக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவருகிற அன்றைக்கு, உடையப்போகிற நிரல்களின் மாதிரி வேண்டும் என்றால், உரிமையாளர்களின் அனுமதியோடு, பெயரும் விவரமும் நீக்கி, எங்களிடம் இருப்பதைத் தருகிறோம். அலசிப் பாருங்கள். நான் தரத் தயார், என்னைப் போல இன்னும் சிலரையும் சேர்க்கிறேன்.

அன்புடன்,
பிஎச்பியில் வேலை செய்யும் ஒரு நிரலாளர்